அடிதடிக்காரனின் ஆர்க்கிட் செடிகள்

என் அண்ணன் ரத்தினவேல் பூச்சட்டியால் ஒருவன் மண்டையைப் பிளந்துவிட்டான் என்ற செய்தி இரண்டு மூன்று வாய் தாண்டித்தான் என்னிடம் வந்தது. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில், அண்ணன் குடியிருக்கும் இடத்தில், கம்பெனி பஸ்ஸுக்கு நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். அதை டிரைவர் கேட்டார். டிரைவர் என் அத்தை மகள் சக்தியிடம் சொன்னார். சக்தி சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீனுக்குப் பின்னால் போய் நின்று, ராட்டர்டாமில் இருக்கும் எனக்குப் போன் செய்தாள்.

"அடிபட்டவன் பொழைக்கிறதே கஷ்டமாம். மாமா கையெல்லாம் ரத்தமாம். போலீஸ் ஜீப்புல ஏத்தும்போதுகூட அவரு செடிங்களத்தான் திரும்பித் திரும்பிப் பாத்தாராம்."

"நீ பாத்தியா?"

"நான் எங்க பாத்தேன்? ஷிஃப்ட்ல இருந்தேன். சேலத்துக்கும் விஷயம் போயிருச்சாம்டி."

கையில் இருந்த காபியைக் கீழே வைத்தேன். சேலம் என்றால் என் அண்ணி தமிழ்செல்வி. அண்ணன் யாரையாவது அடித்திருப்பான் என்பதை என்னால் உடனே நம்ப முடிந்தது. நம்ப முடிந்ததுதான் எனக்குப் பயம். அவன் கதை தெரிந்த எவரும் அப்படித்தான் நம்புவார்கள். அண்ணியும் நம்பியிருப்பாள்.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அண்ணன் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பிரஸ் மெஷின் ஓட்டினான். தகட்டை வைத்து பெடலை மிதித்தால் நூறு டன் இறங்கும். அந்தச் சத்தத்திலேயே இருந்து அவனுக்கு அடிக்கிற புத்தி வந்துவிட்டது என்று அம்மா சொல்வாள். மெஷினைக் குற்றம் சொல்வது சுலபம். பள்ளிக்கூடத்திலேயே பென்ச்சை உடைத்தவன் அவன். கம்பெனியில் ஒரு சூப்பர்வைசரை அளவு பார்க்கும் இரும்புக் கேஜால் அடித்தான், வேலை போனது. பிறகு கல்யாண மேடை அலங்காரம் செய்யும் ஒருவரிடம் டெம்போ ஓட்டப் போனான். இடையில் ஒரு நாள் ஆடு ஏற்றிக்கொண்டு குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போன இடத்தில், வண்டியை உரசியவனுடன் தகராறு. வீல் ஸ்பேனரை எடுத்தான். அந்த ஆளுக்கு இடது காது இப்போது கேட்பதில்லை. அந்த ஆளுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இதை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை.

அதே மாதத்தில் வீட்டிலும் நடந்தது. சோறு குழைந்துபோனதற்காகக் குக்கர் மூடியைச் சுவரில் எறிந்தான். அது தெறித்து மகள் அனுப்ரியாவின் தோளில் விழுந்தது. பிள்ளை அழவில்லையாம். தோளைப் பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றதாம். அண்ணி அன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு சேலத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே கொலுசுப் பட்டறையில் வேலை. போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னாள்.

"ஒரு வருசம். எவன் மேலயும் கை வைக்காம இருந்து காட்டுங்க. அப்புறம் நானா வர்றேன். ஒருத்தன் மேல வெரல் பட்டுச்சுன்னு காதுல விழுந்தாலும் இந்தப் பிள்ளைய மறந்துருங்க."

போலீஸாரும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்டார்கள். சந்தை வழக்கில் ஜாமீனில் வந்தவனை வருவாய்க் கோட்டாட்சியர் ஆபீஸில் நிறுத்தி, ஒரு வருடத்துக்கு நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கினார்கள். ஊரில் அதற்குப் 'பாண்டு' என்று பெயர். அதற்குள் யாரையாவது அடித்தால் மீதி நாளுக்கு உள்ளே. பெண்டாட்டிக்கும் சர்க்காருக்கும் ஒரே கெடு. அது இந்த வைகாசியோடு முடிய இருந்தது.

இந்த வருடத்தில்தான் செடிகள் வந்தன. பணக்காரக் கல்யாணங்களில் மேடையின் இரண்டு பக்கமும் தொட்டி தொட்டியாக ஆர்க்கிட் வைப்பார்கள். வெள்ளையும் ஊதாவுமாக, அந்துப்பூச்சிகள் இறக்கை விரித்து வரிசையாக உட்கார்ந்த மாதிரி இருக்கும். முகூர்த்தம் முடிந்து ஆட்கள் பந்திக்குப் போனதும் அலங்காரக்காரர்கள் மேடையைப் பிய்க்கத் தொடங்குவார்கள். ஆணியும் கம்பியும் துணியும் திரும்பி வண்டியேறும். பூ வாடிய ஆர்க்கிட், வாழைமரத்தோடு குப்பைக்குப் போகும். அப்படிப் போக இருந்தவற்றில் சிலவற்றை அண்ணன் எடுத்து வந்தான், செடிக்காக இல்லை. சட்டி கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், மிளகாய் நடலாம் என்று எடுத்தான்.

வீட்டில் செடியைப் பிடுங்கப் பார்த்தால், சட்டிக்குள் மண்ணே இல்லை. மரப்பட்டைத் துண்டுகளுக்கு நடுவே வேர்கள், விரல் தடிமனில், சட்டியின் சுவரை உள்ளிருந்து பிடித்துக்கொண்டிருந்தன. பிடுங்க வரவில்லை. எனக்கு வீடியோ கால் போட்டான்.

"பாப்பா, இதப் பாரேன். உடும்பு மாதிரி புடிச்சிருக்கு. உயிரோட இருக்குடி இது. இதப் போய்க் குப்பையில போடச் சொன்னான் அந்த ஆளு."

நான் இருக்கும் ஊரில் இந்தச் செடி பால் வாங்கும் கடையிலேயே கிடைக்கும். தொட்டியில் செருகியிருக்கும் அட்டையில் வளர்க்கும் முறையும் அச்சிட்டிருக்கும். அதைப் படித்து அவனுக்குத் தமிழில் சொன்னேன். ஆனால் அந்த அட்டை குளிரை நினைத்து எழுதியது. ஓசூர் வெயிலைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

வெயில் மார்ச்சிலேயே வந்துவிட்டது. அண்ணன் குடியிருப்பது வெங்கடப்பன் என்பவருடைய லைன் வீட்டில். ஆஸ்பெஸ்டாஸ் சீட் போட்ட வீடுகள், பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு துவைக்கிற கல். பகலில் சீட் அடுப்பாகும். முதல் செடி ஜன்னலோரம் இருந்து ஒரே மத்தியானத்தில் வெந்தது. இலையில் வெள்ளையாகக் கொப்புளம் மாதிரி கிளம்பி, மறுநாள் கருத்துக் குழிந்துவிட்டது. அடுத்த செடிக்கு மத்தியானம் வெயிலில் கிடந்த பொதுத் தொட்டித் தண்ணீரை ஊற்றினான். அது குழாயில் வரும்போதே கொதித்துக்கொண்டிருந்தது. வேர் அவிந்து கூழாகிப் போயிற்று.

அழுகலை அறுப்பதை அவன் வீடியோவில் காட்டினான். பிளேடை அடுப்பில் காட்டிச் சிவக்க வைத்தான். ஆறவிட்டு, கறுத்த வேரை நல்ல இடம் தெரியும்வரை நறுக்கித் தள்ளினான். வெட்டுவாயில் சமையல் பட்டையைப் பொடித்து அப்பினான். அந்தக் கையை எனக்குத் தெரியும். இரும்பை ஓங்கிய கை அது. நான் போனை முகத்துக்குத் திருப்பச் சொன்னேன். தாடையை இறுக்கிக் கடித்துக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே, பல்ல கடிக்கிற?"

"அவன நெனச்சுக்கிட்டு அறுக்குறேன்."

"எவன?"

"இருக்கான் ஒருத்தன்."

அந்த ஒருத்தன் ராஜ்குமார். பக்கத்து வீடு, கான்ட்ராக்ட்டில் மெஷின் ஓட்டுகிறவன். போன வருடக் கோடையில் குழாயடியில் வைத்து, எல்லோரும் பார்க்க, அண்ணன் அவனை அறைந்திருந்தான். அப்போது ராஜ்குமார் திருப்பி அடிக்கவில்லை. பிணை விஷயம் தெரிந்த பிறகு அவனுக்குத் தைரியம் வந்தது. அண்ணனுக்குப் 'பாண்டு' என்று பெயர் வைத்தவன் அவன்தான். லைனில் இருக்கும் சின்னப் பிள்ளைகள்கூட 'பாண்டு மாமா' என்று கூப்பிடும் அளவுக்கு அது பரவியது.

"என்ன பாண்டு, கை அரிக்குதா? சர்க்காருக்கு எழுதிக் குடுத்த கை, பத்திரமா வையி."

அண்ணன் செடிகளிடம் போய்விடுவான். வீட்டுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே ஒடுங்கிய சந்து ஒன்று உண்டு. ரோஜாப் பண்ணையில் கழித்துப் போட்ட பச்சை நிழல்வலையை வாங்கி அங்கே இரட்டையாக இழுத்துக் கட்டினான். கீழே பலகை போட்டு, தட்டில் ஜல்லி பரப்பி, ஜல்லி நனையத் தண்ணீர் விட்டு, அதன் மேல் சட்டிகளை வைத்தான். சட்டியின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது, அந்த ஈரக்காற்று மட்டும் போதும். சுற்றிலும் நனைத்த கோணிச் சாக்கு. காலையில் வெயில் ஏறுவதற்குள் தண்ணீர். வேர் வெள்ளியாக வெளுத்திருந்தால் ஊற்று, பச்சையாக இருந்தால் விடு. நடுக்குருத்தில் ஒரு சொட்டுகூடத் தங்கக் கூடாது, தங்கினால் அந்தச் சூட்டில் குருத்து அழுகும். பழைய பனியன் துணியைத் திரித்துக் குருத்தில் விட்டுத் துடைப்பான், குழந்தைக்குக் காது துடைக்கிற மாதிரி.

போர்வெல் தண்ணீரில் உப்பு. வேர் நுனியெல்லாம் வெள்ளை படிந்து கருகியது. மழைத்தண்ணீர்தான் சரி என்று அட்டையும் சொன்னது. நீல நிற டிரம் ஒன்றைக் கழுவிச் சீட்டின் விளிம்புக்குக் கீழே வைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்தான்.

ஏப்ரலில் ஒரு சாயங்காலம் மழை வந்தது. ஆலங்கட்டியோடு வந்தது. சீட்டில் கல்லெறிகிற சத்தம், லைன் முழுக்கப் பிள்ளைகள் கதறல், ராஜ்குமார் வீட்டுச் சீட்டு உடைந்து உள்ளே கொட்டியது. நிழல்வலை ஒரு பக்கம் கிழிந்தது. அண்ணன் பலகை மேல் குனிந்து, செடிகளைத் தன் உடம்புக்குள் வைத்துக்கொண்டு, மழை நிற்கும்வரை அப்படியே நின்றான். மறுநாள் போனில் முதுகைக் காட்டினான். லத்தியால் அடித்த மாதிரி நீலமும் கறுப்புமாகத் தடித்திருந்தது.

"யாருண்ணே அடிச்சா? ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்களா? உண்மையச் சொல்லு."

"ஐஸ் அடிச்சதுடி. மேல இருந்து அடிக்கிறவன்கிட்ட எந்த ஆபீஸ்ல பாண்டு வாங்குறது?" என்று சிரித்தான். பிறகு, "டிரம் நெறஞ்சிருச்சு பாப்பா. தமிழு வர்ற வரைக்கும் தாங்கும். அனுவுக்குக் காட்ட ஒரு பூவாவது நிக்கும்" என்றான்.

அண்ணி அப்போதெல்லாம் அவனிடம் நேரில் பேசுவதில்லை. மாதம் ஒரு தடவை என்னிடம் கேட்பாள், "இருக்காரா?" என்று. எப்படி இருக்கிறார் என்று கேட்பதில்லை. "இருக்கார் அண்ணி. யார் மேலயும் கை வைக்கல" என்பேன். "சரி" என்று வைத்துவிடுவாள். போன வாரம் மட்டும், "அனுவுக்கு டி.சி. வாங்கிட்டேன்" என்றாள். மத்திகிரியிலேயே பத்தாவது சேர்க்க வேண்டுமாம்.

மே மாதத்தில் வெங்கடப்பனின் போர்வெல் வற்றிக் காற்று வாங்கியது. லாரித் தண்ணீர் வரும் அன்று லைனில் குடங்கள் உடைந்தன, பெண்கள் தலைமுடியைப் பிடித்துக்கொண்டார்கள், ஒருத்திக்கு மூக்கில் ரத்தம். எல்லோர் கண்ணும் நீல டிரம்மின் மேல் விழுந்தது.

"மனுசனுக்கு நாக்கு நனைக்கத் தண்ணி இல்ல, இங்க பிளாஸ்டிக் பூவுக்கு டிரம்மு" என்று ஒரு பெண் கத்தினாள். அந்தப் பூ நிஜம் என்று லைனில் பாதிப் பேர் கடைசிவரை நம்பவில்லை.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அண்ணனும் அப்படியே நினைத்திருக்க வேண்டும். அன்றைக்கே டிரம் மூடியைத் திறந்து வீட்டுக்கு ஒரு குடம் கொடுத்தான். செடிகளுக்கு ஊற்றுவதை நிறுத்தி, ஸ்பிரே பாட்டிலால் வேரில் மட்டும் புகை மாதிரி அடித்தான். ஒரு செடியில் மட்டும் பூத்தண்டு நின்றது. மற்றவை மொட்டை உதிர்த்துவிட்டு இலையைத் தொங்கப் போட்டன.

இதற்குப் பிறகு நடந்ததை எனக்குப் போனில் சொன்னது எதிர்வீட்டுச் சாந்தம்மா. ஓசூர்ப் பக்கத்துக்காரி, கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலை. அன்று அவளுக்கு லீவு. லைனில் மற்றவர்கள் வேலைக்கும், மெயின் ரோட்டில் லாரியை மறிக்கவும் போயிருந்தார்கள்.

"உங்கண்ணன் அடிக்கல தாயி. நான் கண்ணால பாத்துக்கினு நின்னன். முதல்ல இதக் கேளு" என்று தொடங்கினாள்.

ராஜ்குமார் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவன், டிரம்மில் பக்கெட்டை முக்கி, ஷாம்பு போட்டு பைக்கைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறான். அண்ணன் சந்திலிருந்து வெளியே வந்தான்.

"ராஜ்குமாரு, குடிக்க எடுத்துக்க. குளிக்க எடுத்துக்க. வண்டிக்கு வேணாம்."

"உம் பூவு குடிக்கலாம், என் வண்டி குடிக்கக் கூடாதா?"

"சொன்னாக் கேளு."

"கேக்கலன்னா? அடிப்பியா? போன வருசம் இந்தக் கன்னத்துல குடுத்த. அது தனியா கெடந்து ஏங்குது. இந்தா, இன்னொண்ணு. அடிடா பாண்டு."

அண்ணன் கை எழுந்தது என்றாள் சாந்தம்மா. தோள்வரை எழுந்ததாம். எழுந்த கை அப்படியே மேலே போய் நிழல்வலையைப் பிடித்தது. மற்ற கையும் போய்ப் பிடித்தது. வலையின் ஓரத்து நைலான் கயிற்றை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு நின்றான்.

ராஜ்குமார் அறைந்தான். அவன் நகரவில்லை. மறுபடி அறைந்தான். பிறகு அண்ணியைப் பற்றி என்னவோ சொன்னான். என்ன சொன்னான் என்று கேட்டேன். "அத என் வாயால சொல்ல மாட்டன்" என்றாள் சாந்தம்மா. "அதுக்கு நானே அவன வெட்டியிருப்பன். உங்கண்ணன் கண்ண மூடிக்கினாரு. கயிறு கையில இறங்குது, ரத்தம் முழங்கையில வழியுது. விடல."

அடித்தும் அடி திரும்பி வராதது ராஜ்குமாரை வெறியேற்றியிருக்க வேண்டும். செடிகளிடம் போனான். பிளாஸ்டிக் சட்டிகளைத் தூக்கி அடித்தான். அவை உடையாமல் துள்ளின. அதனால் கீழே போட்டுக் கம்பெனி ஷூவால் மிதித்தான். இலை ஒடியும் சத்தம் வெள்ளரிக்காயைக் கடிக்கிற மாதிரி இருந்ததாம். பூத்தண்டு நின்ற செடி மட்டும் கனமான பீங்கான் தொட்டிக்குள் இருந்தது. அதைத் தூக்கினான்.

"அத விட்ரு" என்றான் அண்ணன். அறை விழுந்த பிறகு அவன் பேசியது அது ஒன்றுதான். ராஜ்குமார் ஓங்கி அடித்த தொட்டி அண்ணன் நெற்றியிலேயே உடைந்தது.

அப்போதும் கை வலையை விடவில்லை. வலை ஒரு பக்கம் பிய்ந்து, அவனோடு சேர்ந்து தொங்கியது. முகத்தில் ரத்தமும் பட்டைத் துண்டுகளும். ராஜ்குமார் அடுத்து எதையோ எடுக்கத் திரும்பினான். தரையெல்லாம் ஷாம்பு நுரை. கால் வழுக்கி, துவைக்கிற கல்லின் முனையில் மண்டை மோதி விழுந்தான். விழுந்தவன் எழவில்லை.

சத்தம் கேட்டு மெயின் ரோட்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர்கள் பார்த்தது இதைத்தான்: கீழே ராஜ்குமார், மண்டை பிளந்து கிடக்கிறான். பக்கத்தில் உடைந்த தொட்டி. இரண்டு கையிலும் ரத்தம் சொட்ட நிற்பவன் என் அண்ணன். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை.

"கைய எடுக்கவே முடியல தாயி. கயிறு விரலோட சேந்துக்கினு இருந்துச்சு. 'விட முடியல சாந்தம்மா, வெரலு விட மாட்டேங்குது'ன்னு சின்னப் புள்ள மாதிரி அழுறாரு. நான் கத்தரிக்கோல்ல அறுத்து எடுத்தன். அதுக்குள்ள ஜீப்பு வந்துச்சு."

"போலீஸ்கிட்ட நீங்க சொன்னீங்களா?"

"சொல்லாம? எழுதிக்கினாங்க. ஆனா ஆஸ்பத்திரியில அவன் கண்ணு முழிச்சு, ரத்தினவேலுதான் தொட்டியால அடிச்சான்னு சொல்லிட்டானாம். தையல் போட்டிருக்குது. சாவல்லாம் மாட்டான், தடிமாடு. வூட்டுக்கார வெங்கடப்பன், 'நான் எதையும் பாக்கல, எவன் சண்டையும் எனக்கு வேணாம்'னு கதவச் சாத்திக்கினான். நான் பொம்பள ஒருத்திதான் சாட்சி. நாளைக்கும் வரச் சொல்லியிருக்காங்க. போவேன். வேல போனாலும் போவேன்."

"அண்ணன் ஏதாவது சொன்னானா?"

"ஜீப்புல ஏறிக்கினு என்னையேதான் திரும்பித் திரும்பிப் பாத்தாரு. 'எந்தங்கச்சிக்குப் போன் போடு, தமிழுக்குச் சொல்லச் சொல்லு'ன்னாரு. இன்னா சொல்லணும்னு சொல்லல. அதுக்குள்ள கதவ மூடிட்டாங்க."

சாந்தம்மா வைத்ததும் சக்தியிடமிருந்து மெசேஜ். அண்ணியின் அக்காவிடம் பேசினாளாம். கட்டி வைத்திருந்த மூட்டைகளை அண்ணி அவிழ்த்துவிட்டாளாம். அனு சாப்பிடாமல் படுத்திருக்கிறாளாம். 'பூச்சட்டியாலயா அடிச்சார்?' என்று மட்டும் அண்ணி ஒரு தடவை கேட்டாளாம். பிறகு பட்டறைக்குக் கிளம்பிப் போய்விட்டாளாம்.

ஒரு வருடம் அவன் சம்பாதித்தது இது ஒன்றுதான். ஓங்கிய கையை ஒருவன் மேல் இறக்காமல் வலையில் மாட்டிக்கொண்டது. அதைப் பார்த்தது சாந்தம்மாவின் இரண்டு கண். அந்தக் கண்ணை நான் சேலத்துக்கு எப்படி அனுப்புவது? ரத்தம் என்று தொடங்கினால் அண்ணி வைத்துவிடுவாள். செடி என்று தொடங்கினாலும் வைத்துவிடுவாள். எதை முதலில் சொல்வது என்று யோசித்து, இரண்டு தடவை எண்ணைத் தொட்டு, இரண்டு தடவையும் நிறுத்தினேன்.

கடைசியில், மாதாமாதம் சொல்கிற அதே வார்த்தையோடு தொடங்குவது என்று முடிவு செய்தேன். யார் மேலயும் கை வைக்கல அண்ணி. மூன்றாவது தடவை எண்ணைத் தொட்டேன்.

பட்டறையில் சுத்தியல் சத்தத்தில் கேட்கவில்லையோ, அல்லது என் பெயரைத் திரையில் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாளோ. மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன். அடித்துக்கொண்டிருக்கிறது.